அந்தப் பல்வரிசை

எங்கள் ஸ்டுடியோவுக்கு நடுராத்திரியில் போன் வந்தால் அது சாவு வீட்டிலிருந்துதான். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் பிளெக்ஸும் தயாராக வேண்டும், அதற்கு ஒரு படம் வேண்டும். மன்னார்குடிப் பக்கம் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து கேண்டிட் ஆட்களைக் கூட்டிவருகிறவர்கள்கூட சாவுக்கு எங்களிடம்தான் வருவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. முகம் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்தப் படங்களில்தான்.

1988இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. இரண்டு வருஷம் முதலாளி கேமராவைத் தொடவிடவில்லை. டார்க் ரூமில் ஹைப்போ என்ற ரசாயனத்தைக் கரைப்பது, பிரிண்டைக் கழுவிக் காயப்போடுவது, அவ்வளவுதான். கருப்பு வெள்ளைப் பேப்பர் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸிலிருந்து ‘இந்து’ என்ற பெயரில் வரும். மூன்றாம் வருஷம் கையில் பென்சிலைக் கொடுத்து “டச்சிங் பழகுடா” என்றார்.

டச்சிங் என்றால் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் வேலை செய்வது. சாய்வான மேசையில் ஒரு கண்ணாடி, அதன் மேல் நெகட்டிவ், கீழிருந்து வெளிச்சம். பென்சில் பிடிக்க முதலில் ஒரு திரவம் தடவ வேண்டும். முனையை உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். முகச்சுருக்கம் நெகட்டிவில் வெளிச்சம் ஊடுருவும் கோடாகத் தெரியும். அதைப் பென்சிலால் அடைத்தால் பிரிண்டில் சுருக்கம் மறையும். பென்சிலுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான், இருட்டை வெளுப்பாக்குவது. நாங்கள் அதை நன்றாகவே செய்தோம். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ்க் கருவளையம் எல்லாம் போகும். மாநிறமான பெண்களை எத்தனை மாப்பிள்ளை வீடுகளுக்கு வெளுப்பாக்கி அனுப்பியிருப்போம்! அந்தக் காலத்துப் படம் பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

பெரிய நெகட்டிவ் தரும் 120 ரோல் போய்ச் சின்ன 35 எம்.எம். ஃபிலிம் வந்ததும் டச்சிங் குறைந்தது. 24க்கு 36 மில்லிமீட்டர் நெகட்டிவில் பென்சிலை எங்கே வைப்பது? அப்புறம் கலர் லேப், டிஜிட்டல், கரிஸ்மா ஆல்பம். டார்க் ரூமில் இப்போது ஃபிரேம் கட்டைகள் கிடக்கின்றன.

மூன்று வருஷம் முன்பு பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். மகன்கள் இரண்டு பேர் போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தன, அவர் தனியாக இருந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாப் படத்திலும் ஓரத்தில் நிற்பார், பாதி வெட்டுப்பட்டிருப்பார். கடைசியில் பேரன் காதுகுத்தில் எடுத்த ஒன்று கிடைத்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். வாட்ஸ்அப்பில் நாலு குரூப் சுற்றி வந்த படம். 20க்கு 24 அங்குலப் படம் சுத்தமாக வர 6000க்கு 7200 பிக்சல் வேண்டும் என்பது எங்கள் கணக்கு. இதில் அவர் முகம் நூறு பிக்சல் அகலம்கூடத் தேறவில்லை.

கடைப் பையன் ஏ.ஐ. செயலி ஒன்றில் போட்டான். ஒரு நிமிஷத்தில் இமை முடி எண்ணுகிற அளவுக்குத் துலங்கிவிட்டது. நானும் பார்த்துவிட்டு “நல்லாருக்குடா” என்றேன். அதைத்தான் இன்றைக்கும் மனசு குத்திக்காட்டுகிறது. மகன்களுக்கும் பிடித்திருந்தது. பதினாறாம் நாள் படத்திறப்பு. துணியை விலக்கியதும் பெரியவரின் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பெரியவனே, இது யாருப்பா?”

யாரும் பேசவில்லை.

“உங்கப்பாவுக்கு ஏது இத்தனை பல்லு?”

சாவு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பு கூசிப்போனது. வெற்றிலை போட்டுப் போட்டுக் காவியேறிய பல் அவருக்கு, கீழே இரண்டு இல்லை. இடது கண் சற்றே இறங்கியிருக்கும். அந்தப் படத்தில் பல் முத்துமுத்தாக இருந்தது, கண் இரண்டும் தராசுத்தட்டு மாதிரி நேராக இருந்தன.

கம்ப்யூட்டர் படித்த என் மகன்தான் பிறகு விளக்கினான். அந்தச் செயலி படத்தைத் துலக்குவதில்லை, முகம் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதுகிறது. இந்த வகைக் கருவிகள் பலவும் முகம் பழகியது ஃபிளிக்கர் தளத்தில் யார் யாரோ போட்டுவைத்த படங்களிலிருந்து திரட்டிய 70,000 முகங்களில். 2020இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு கருவியிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரரைத் தந்ததாம். அப்படியானால் எங்கள் ஊர்ப் பெரியவர் வாயில் இருந்தது யார் பல்? பென்சிலால் இருப்பதை மறைக்கத்தான் முடிந்தது. யார் பல்லையும் கொண்டுவந்து வைக்கத் தெரியாது.

அன்று ராத்திரி பழைய நெகட்டிவ் பெட்டிகளை இறக்கினேன். 1994 கவரில் அவர் கிடைத்தார், பேங்க் லோனுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடது கண்ணுக்குக் கீழே பென்சில் பூச்சு. என் கைதான். இறங்கிய கண்ணின் நிழலை அன்றைக்கே நான் அழித்துவைத்திருக்கிறேன்.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “இது அவருதான் தம்பி. ஆனா நான் கேக்குறது இவரை இல்ல” என்றார் அந்த அம்மா. வாட்ஸ்அப் படத்தைப் போனில் காட்டினேன். “இதை அப்படியே குடுத்துருங்க.” எதையும் தொடாமல் 5க்கு 7இல் போட்டுக் கொடுத்தேன். அந்த அளவில் மங்கல் அவ்வளவாகத் தெரியாது. மடியில் பேரன் இருப்பதால் அதற்கு மாலை போட முடியாது. டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறார்.

பெரிய படம் கடைக்கே திரும்பி வந்து ஃபிரேம் கட்டைகளோடு சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. போன மாசம் பையன் கேட்டான், “அண்ணே, ஃபிரேமைக் கழட்டி வேற படத்துக்குப் போட்டுறவா?”

“போடு.”

“படத்தை என்னண்ணே பண்றது?”

கிழிக்கச் சொல்ல வாய் வரவில்லை. சுருட்டி மேலே வைக்கச் சொன்னேன். கவரில் என்ன பேர் எழுத என்று கேட்டுக்கொண்டு நின்றான்.