பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?

ஹட்டனில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் சத்தியக்கடதாசியும்தான் என் அன்றாட வேலை. தோட்டத்துப் பிள்ளைகளின் பழைய பிறப்புச் சான்றிதழில் ஒரு கூட்டைக் கடக்கும்போதெல்லாம் மனம் கனக்கும்: 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?' பலருக்கு அதில் 'இல்லை' என்றே இருக்கும். கோயிலில் தாலி கட்டி, ஒரே லயக் காம்பராவில் காலமெல்லாம் குடித்தனம் நடத்தியவர்கள். பதிவாளரிடம் மட்டும் போகவில்லை.

ஓர் இளம்பெண் வந்தார். ஊரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் அம்மாவுக்குத்தான் தொல்லை. தாம் மணமாகாதவர் என்று சமாதான நீதவான் முன்னிலையில் கொடுத்த சத்தியக்கடதாசியை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். கனடாவில் கல்யாணம், கட்டிக்கொள்ளப்போவது ஒரு பெண்ணை என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். நான்காக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்த பிறப்புச் சான்றிதழை மேசையில் விரித்தார். அதிலும் அந்தக் கூட்டில் 'இல்லை'.

"அப்பா தவறின பிறகு சேமலாப நிதிக் காசுக்கு அம்மா நடந்த நடை எனக்குத் தெரியும் சேர். பெண்சாதி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது" என்றார்.

'இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம்' என்று நம்மவர்கள் சொல்வது எனக்குக் கோபமூட்டுகிறது. ஒருபால் விவாகத்தை 2001இல் நெதர்லாந்து தொடங்கி வைத்தது, 2005இல் கனடா முழுவதும் சட்டமானது என்பதெல்லாம் உண்மை. ஆனால் 2006இல் தென்னாபிரிக்காவும் 2019இல் தாய்வானும் ஏற்றன. நேபாளத்தில் 2023 நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தில் முதல் பதிவு நடந்தது. 2025 ஜனவரியில் தாய்லாந்திலும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருபால் உறவைக் குற்றமாக்கும் நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவுதான் மேல்நாட்டுச் சரக்கு. 1883இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது.

'மனம் ஒத்துப்போனால் போதாதா, பதிவு எதற்கு?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மலையகத்தான் கேட்கக்கூடிய கேள்வியா இது? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கை முழுதாகத் தீர்க்க 2003 வரை ஒரு சட்டத்துக்குக் காத்திருந்தோம். கொழுந்து பறித்த கைக்குக் காகிதம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பெண் கனடாவில் பெறும் விவாகச் சான்றிதழைக் கொண்டுவந்தால் தமிழில் பெயர்த்து முத்திரை வைத்துக் கொடுப்பேன். ஆனால் அவரை ஒருவரின் மனைவியாக ஏற்க இந்த நாட்டில் சட்டம் இல்லை. 365ஐத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதமே சொல்லிவிட்டது. பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. முதலில் அந்தத் தடை போகவேண்டும். விவாகப் பதிவு அதற்கு அடுத்த படி. இரண்டுக்கும் நம் மலையக உறுப்பினர்கள் கை உயர்த்த வேண்டும் என்று கேட்கிறேன்.