உதரவிதானம்: வைவாவுக்குப் பெயரிலிருந்தே படியுங்கள்

உடற்கூற்றியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) டயாபிரம், அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசை, வந்தால் பலரும் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று துளைகளின் முள்ளெலும்பு மட்டங்களை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். "இதன் நரம்புக்கு ஏன் ஃபிரெனிக் என்று பெயர்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

கிரேக்கத்தில் 'தியா' என்றால் குறுக்கே, 'ஃபிராக்மா' என்றால் வேலி. இலங்கைப் பாடநூல்களின் 'பிரிமென்றகடு' இந்தப் பிரிக்கும் வேலையையே சொல்கிறது. 'உதரவிதானம்' வடிவத்தைச் சொல்கிறது: உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி. வயிற்றறையிலிருந்து பார்த்தால் கவிந்த கூரைதான். கல்லீரல் இருப்பதால் வலப்பக்கக் குவிவு சற்று உயர்ந்திருக்கும்.

இதே தசைக்குப் பழைய கிரேக்கப் பெயர் 'ஃபிரென்'. அதற்கு மனம் என்ற பொருளும் உண்டு. பிளேட்டோவின் 'டிமேயஸ்' நூலில், ஆன்மாவின் இரு பகுதிகளுக்கு நடுவே ஃபிரென் ஒரு தடுப்பாக வைக்கப்பட்டது என்று வருகிறது. தடுப்புக்கு அவர் எழுதிய சொல்லே 'தியாஃபிராக்மா'. வலிப்பு நோயைப் பற்றிய ஹிப்போகிராட்டிஸ் மரபு நூலோ, சிந்திப்பது மூளைதான், ஃபிரெனுக்கு அந்தப் பெயர் தற்செயலாக வாய்த்தது என்று மறுத்தது. மறுத்தும் பெயர் நிலைத்துவிட்டது. ஃபிரெனிக் நரம்பு, ஃபிரெனிக் தமனி, 1908இல் மனநல மருத்துவர் பிளாய்லர் முன்வைத்த ஸ்கிசோஃபிரெனியா எல்லாம் ஒரே வேர்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: வயிற்றுக்கு மேலிருக்கும் தசைக்குக் கழுத்திலிருந்து ஏன் நரம்பு? கருவில் இதன் முன்னோடியான செப்டம் டிரான்ஸ்வெர்சம் கழுத்து மட்டத்தில் தோன்றிக் கீழே இறங்குகிறது. ஃபிரெனிக் நரம்பாகும் சி3, சி4, சி5 (3, 4, 5ஆம் கழுத்துத் தண்டுவட நரம்புகள்) இழைகளும் கூடவே நீள்கின்றன. கழுத்துத் தண்டுவடம் சி3க்கு மேல் முழுதாக அறுந்தால் மூச்சு நிற்பதும், டயாபிரத்துக்கு அடியில் சீழ் சேர்ந்தால் தோள்முனை வலிப்பதும் இதனால்தான். தோள்முனைத் தோலின் உணர்வும் சி3, சி4 வழியே போகிறது.

மதிப்பெண் போகும் இடம் ஒன்று உண்டு. இயக்க நரம்பு ஃபிரெனிக் மட்டும். உணர்வு நரம்பு அப்படியல்ல. நடுப்பகுதிக்கு ஃபிரெனிக், விளிம்புக்குக் கீழ் விலாவிடை நரம்புகள். இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

துளைகளில் டி8 (எட்டாம் மார்பு முள்ளெலும்பு மட்டம்) பெருஞ்சிரைத் துளை நடுத் தசைநாணில் இருக்கிறது, மூச்சிழுக்கும்போது விரியும். டி10 உணவுக்குழல் வலக் குருஸின் (டயாபிரத்தை முதுகெலும்போடு இணைக்கும் தசைக்கால்) தசையிழைகளுக்குள் போகிறது, அப்போது இறுகும். டி12 பெருந்தமனி டயாபிரத்தைத் துளைப்பதே இல்லை, அதன் பின்னால் போகிறது. மாதிரியில் குச்சி வைத்துக் கேட்டால், சுற்றியிருப்பது தசையா தசைநாணா என்று முதலில் பாருங்கள்.