அம்புக்குறி சிவப்பில் நின்ற சாலை

வாடகைக் காருக்கு முழுக் காப்பீடு வேண்டுமா என்று வான்கூவரில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னது நான்தான், இது ஞாபகம் இருக்கட்டும். கனடாதானே என்று பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர் வேறு வைத்திருந்தேன். 2023 ஜூலை நடுவில், நானும் நண்பனும் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் கால்கரிக்குக் கிளம்பினோம். சுமார் 1,000 கிலோமீட்டர்.

ஹோப் என்ற ஊரைத் தாண்டி ஃப்ரேசர் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே பச்சை குறைந்துகொண்டே வந்தது. பசிபிக்கிலிருந்து வரும் மேகம் கடலோர மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிடும், இந்தப் பக்கம் வருவது மிச்சம்தான். சாலையோரத்தில் பாதி வட்டமாகத் தீ அபாயப் பலகை, பச்சையில் தொடங்கி சிவப்பில் முடிகிறது. அம்புக்குறி சிவப்பின் கோடியில் நின்றது. அப்போது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறக்குறைய எங்குமே கேம்ப்ஃபயர் போடத் தடை, கேஸ் அடுப்பு மட்டும் சரி.

லிட்டனில் இறங்கினோம். 2021 ஜூன் 27, 28, 29 என்று மூன்று நாள் தொடர்ந்து கனடாவின் வெப்பச் சாதனையை உடைத்த ஊர் இது. அதற்கு முன் சாதனை என்றால் 1937இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பதிவான 45 டிகிரி. மூன்றாம் நாள் இங்கே 49.6. உயர் காற்றழுத்தம் ஒரு மூடி மாதிரி மேலே உட்கார்ந்துகொண்டு கீழிறங்கும் காற்றை அமுக்கி அமுக்கிச் சூடாக்கியதால் வந்த வெயில் அது. அந்த ஒரு வாரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் வெப்பத்தால் 619 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, ஏசி இல்லாமல். 30ஆம் தேதி மாலை தீ வந்து ஊரின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்தும் தெருவில் வேலியடைத்த வெற்று மனைகள்தான். ஒரு மனையில் மூன்று கான்கிரீட் படி, ஏறினால் வீடு இல்லை. கீழே தெளிந்த தாம்சன் ஆறு கலங்கிய ஃப்ரேசரில் கலக்கிறது. இவ்வளவு தண்ணீர் பக்கத்தில் ஓடியும்!

அன்று ராத்திரி காம்லூப்ஸ் அருகே கூடாரம். இடி கேட்டதும் நான் குஷியாகிவிட்டேன். பக்கத்துக் கூடாரத்துப் பெரியவருக்கு முகம் சுருங்கியது. மேகத்திலிருந்து மழை திரைச்சீலை மாதிரி தொங்குகிறது, ஆனால் தரைக்கு வருமுன்பே காய்ந்துபோகிறது, மின்னல் மட்டும்தான் வந்து சேர்கிறது. அவர் மின்னலை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “இதில் எது புகையும் என்று நாலு நாள் கழித்துத்தான் தெரியும்” என்றார். மரத்துக்குள்ளேயே கனன்று கிடந்துவிட்டுக் காற்று எழும்பும் நாளில் பற்றிக்கொள்ளுமாம். கனடாவில் எரியும் காட்டில் பெரும்பகுதிக்கு மின்னல்தான் காரணம் என்பதை அப்புறம்தான் படித்தேன்.

மறுநாள் ரோஜர்ஸ் கணவாயில் பனிமலை பார்க்கலாம் என்று ஆசையாகப் போனால் புகை. நடுப்பகலில் சூரியன் ஆரஞ்சு வில்லை போல, கண் கூசாமல் பார்க்க முடிந்தது. கார் கண்ணாடியில் மெல்லிய சாம்பல். விரலால் தொட்டால் பவுடராகிவிடும்.

“டேய், அந்த ஸ்வெட்டரை முகத்தில் கட்டிக்கோ” என்றான் நண்பன்.

கால்கரி பக்கம் வந்ததும் வானம் ஒரு மாதிரி பச்சை கலந்த கறுப்பாக மாறியது. கோடையில் ஆலங்கட்டிக்குப் பேர்போன இடம். காப்பீட்டு நிறுவனங்களே காசு போட்டு 1996இலிருந்து விமானம் அனுப்பி மேகத்தில் சில்வர் அயோடைடு தூவுகின்றன, கட்டியின் அளவைக் குறைக்கத்தான். எங்கள் மேல் விழுந்தது குறைத்த அளவா என்று தெரியவில்லை. பெட்ரோல் பங்க் கூரைக்கடியில் ஏற்கெனவே கார்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, நாங்கள் வெளியே. எட்டு நிமிஷம், தகரத்தில் ஜல்லி கொட்டுகிற சத்தம், பேசினால் காதில் விழவில்லை. நின்றதும் எண்ணினோம். பானட்டில் மட்டும் 23 பள்ளம்.

ஊர் திரும்பியபின் ஆகஸ்டில் மேற்கு கெலோனா எரிந்தது, வடக்கே யெல்லோநைஃப் நகரமே தீக்குப் பயந்து காலியானது. அந்த வருஷம் கனடாவில் எரிந்த காட்டின் கணக்கு சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர், அதாவது நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தைப் போல் இரண்டு மடங்கு.

கால்கரியில் காரை ஒப்படைத்தபோது அங்கிருந்தவர் பானட்டைத் தடவிப் பார்த்து, “ஆலங்கட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் படிவத்தை நீட்டினார். வைப்பர் இடுக்கில் ஈரமாக ஒட்டியிருந்த சாம்பலை அவர் கவனிக்கவே இல்லை.