பீப் சத்தத்தை நம்பிய கதை: செல்ஃப் எடுக்காத கார்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போகலாம் என்று வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தன. பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகிவிட்டு அடங்கியது. இன்னும் ஒரு கட்டம் திருப்பினால் எஞ்சின் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. பால்பாயிண்ட் பேனாவை அமுக்கினால் வருமே, அந்த மாதிரி 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வண்டி 2008 மாடல், பெட்ரோல், கையால் கியர் போடும் சின்ன கார். வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். பால்கனிக் கம்பிக்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடித்தாக வேண்டிய ஊர்.

வாட்ச்மேன் அண்ணனும் பக்கத்து வீட்டுத் தம்பியும் தள்ள, செகண்ட் கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்படியே ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்கு ஓட்டிப் போனேன். அவர் எஞ்சினை அணைத்து ஒரு தடவை சாவியைத் திருப்பச் சொன்னார், காது கொடுத்துக் கேட்டார். "செல்ஃப் மோட்டார் போச்சு சார். கழட்டி ஆர்மேச்சர் பார்க்கணும், பிரஷ் மாத்தணும். மூவாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார். மீட்டர் எதையும் அவர் கையில் எடுக்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. திரும்பவும் தள்ளச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். அலமாரியில் நானூற்றைம்பது ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதுவரை ரிமோட் பேட்டரி பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை வந்ததில்லை.

ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் ஸ்டார்ட்டர் மோட்டாரை யாரும் ஸ்டார்ட்டர் என்று சொல்வதில்லை, 'செல்ஃப்' என்றுதான் சொல்கிறோம். 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் வரும்வரை முன்பக்கம் கம்பியைச் செருகிக் கையால்தான் சுற்ற வேண்டும். தானாகச் சுற்றுவதால் செல்ஃப். எங்கள் தெருவில் அம்பாசடர் வைத்திருந்த ஒரு பெரியவர் பேட்டரி இறங்கிய நாட்களில் ஹேண்டில் போட்டுச் சுற்றியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். என் வண்டியில் அந்த வசதியும் இல்லை.

ஞாயிறு

செல்ஃபுக்கு இரண்டு மின்பாதைகள். ஒன்று தடிமனானது: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக மோட்டாருக்கு வரும் விரல் தடிமன் கேபிள். சின்ன பெட்ரோல் எஞ்சினைச் சுற்றவே நூறு ஆம்பியருக்கு மேல் அதில் ஓடும். இன்னொன்று மெல்லியது: சாவி, ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்ச்) வழியாக வந்து மோட்டார் முதுகில் உட்கார்ந்திருக்கும் சாலினாய்டுக்கு உத்தரவு கொடுக்கிற ஒயர். உத்தரவு வந்ததும் சாலினாய்டு உள்ளே இழுத்து, சின்னப் பல்சக்கரத்தை எஞ்சினின் பெரிய சக்கரத்தோடு கோர்த்து, தடிமன் பாதையை மூடிவிடும். இந்த இரண்டும் போய்ச் சேர்வது ஒரே இடத்தில்தான்: எஞ்சினின் உலோக உடம்பு. அங்கிருந்து எர்த் கேபிள் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்புகிற வழியை நான் பெரிதாக நினைக்கவே இல்லை.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த பேட்டரி 12.54 வோல்ட் காட்டியது. 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ், 12.2 வந்தால் பாதி என்று கணக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் பத்தாம் நம்பர் ஸ்பானரால் டெர்மினல்களைக் கழற்றி, பூத்திருந்ததை ஆப்பசோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியாக. பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பானர் தப்பித்தவறி பாடியில் பட்டால், மைனஸ் மாட்டியிருந்தால், வாணவேடிக்கைதான்.

மாட்டிவிட்டுத் திருப்பினேன். டிக்.

ஹெட்லைட்டைப் போட்டுச் சுவரில் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன் (கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு). பேட்டரி சரியில்லை என்றால் அந்த நொடியில் வெளிச்சம் சுருண்டு மங்கும், 'டக டக டக' என்று வரிசையாகச் சத்தமும் கேட்கும். இங்கே வெளிச்சம் லேசாகக் கண் சிமிட்டியதோடு சரி. பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 12.54 இருந்தது 12.2 ஆனது. நல்ல வண்டியில் சுற்றும்போது பத்து, பதினொன்று என்று இறங்கும், 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி மேல் சந்தேகம். என்னுடையது இறங்கவே மாட்டேன் என்கிறது. முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: மின்சாரம் ஓடினால்தானே இறங்கும்?

உத்தரவு வருகிறதா என்று அடுத்துப் பார்த்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டர் ரிலேயைக் கழற்றி, அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேயை அங்கே மாட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. காரைத் தூக்காமல், ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றினால் சாலினாய்டு எட்டுகிறது. கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் கிளிப் போட்டு, சிவப்பை உத்தரவு ஒயர் வந்து சேரும் சின்ன டெர்மினலில் வைத்தேன். அதில் 50 என்று பொறித்திருக்கும். சாவி திருப்பினால் 11.6 வோல்ட். தடிமன் கேபிள் வருகிற 30-இல் 12.2. இரண்டும் வருகின்றன, ஆனால் சாலினாய்டு இழுக்கவில்லை. அப்படியென்றால் எலக்ட்ரீஷியன் சொன்னதுதானே சரி?

கடமைக்கு எர்த்தையும் பார்த்தேன். மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் சோதனை) வைத்து ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை கியர்பாக்ஸில். பீப் அடித்தது. ஓம் அளவில் 0.5 என்றது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும். மிச்சம் 0.2 எல்லாம் ஒரு அளவா என்று நோட்டில் 'எர்த் ஓகே' என எழுதி டிக் அடித்துவிட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

திங்கள்

ஆபீஸ். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது. ஞாயிறு மதியம், பத்துப் பதினைந்து தடவை திருப்பிப் பார்த்த பிறகு, கை தவறிக் கிளட்ச் கேபிள் மேல் பட்டது. சூடாக இருந்தது. எஞ்சின் சூடு என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். ஆனால் எஞ்சின் சனிக்கிழமைக்கு அப்புறம் ஓடவே இல்லையே!

கிளட்ச் கேபிள் மின்சாரம் போவதற்கான பொருளே இல்லை. அதன் ஒரு முனை கியர்பாக்ஸில், மறுமுனை பாடியில். எர்த் சரியாக இல்லாவிட்டால், வீடு திரும்ப வழி தெரியாத மின்சாரம் கிடைத்த சந்துக்குள் புகுந்து போகும். அந்தச் சந்துதான் கேபிள்.

செவ்வாய்

ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். இந்தத் தடவை ஓம் பக்கமே போகவில்லை. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பைப் பேட்டரியின் மைனஸ் முனையில் (கிளாம்பில் இல்லை, ஈயத்திலேயே) வைத்து, சிவப்பைக் கியர்பாக்ஸ் போல்ட்டில் வைத்தேன். இரண்டும் எர்த்தான். நடுவில் வோல்ட் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் 0.2-க்குள். தூக்கக் கலக்கத்தில் வந்த மனைவி சாவியைத் திருப்பினார்.

5.8.

"இன்னொரு தடவை."

5.8 வோல்ட். பேட்டரியில் இருப்பதில் பாதி, திரும்பி வருகிற வழியிலேயே செத்துப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை செய்த தப்பு அப்போதுதான் புரிந்தது. 50-இல் 11.6 இருக்கிறது என்றேனே, அது பேட்டரி மைனஸிலிருந்து அளந்தது. சாலினாய்டுக்குப் பேட்டரி மைனஸ் தெரியாது, அது உட்கார்ந்திருக்கும் எஞ்சின்தான் தெரியும். கறுப்பு முனையைச் செல்ஃபின் உடம்பிலேயே வைத்து அளந்தேன்: அதற்குக் கிடைப்பது 5.8. ஆறு வோல்ட்கூட இல்லாமல் அது எப்படி இழுக்கும்? பாவம், 'டிக்' என்று சொன்னதே பெரிசு.

பிறகு பாதையை வெட்டி வெட்டி அளந்தேன். பேட்டரி மைனஸிலிருந்து பாடி வரை 0.04. பாடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை மீதி அத்தனையும். அங்கே இருப்பது ஒரே ஒரு பொருள்: பேட்டரி தட்டுக்கு அடியில், பாடியையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் பின்னல் செம்பு பட்டை.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஜம்பர் கேபிளில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு பக்கம் பேட்டரி மைனஸில், மறுபக்கம் எஞ்சினைத் தூக்குவதற்கு இருக்கும் கொக்கியில். சாவி. ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. மீட்டர் இல்லாதவர்கள் இந்த ஒரு சோதனையை மட்டும் செய்தாலே போதும்.

மனைவி இறங்கி வந்தார். "இந்த ஒயருக்குத்தான் மூணு நாளா?"

பட்டையைக் கழற்றிக் கையில் எடுத்தேன். மேலே பார்த்தால் பச்சை பூத்திருக்கிறதே தவிர முழுசாகத்தான் இருந்தது. கியர்பாக்ஸ் பக்க லக் (போல்ட் மாட்டும் வளைய முனை) அருகே லேசாக மடக்கினேன். பொலபொலவென்று பச்சையும் வெள்ளையுமாகத் தூள் கொட்டியது, உப்புக்காற்றில் இருந்த கருவாட்டைப் பிய்த்த மாதிரி. அரித்துப்போன அத்தனை இழைகளுக்கு நடுவே செம்பு நிறத்தில் மின்னியவை நான்கு. பீப் அடிக்க அந்த நான்கு போதும். பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது ஒரு மில்லி ஆம்பியர் அளவில்தான். ஒற்றையடிப் பாதையில் ஒரு ஆள் நடந்து போனதைப் பார்த்துவிட்டு, லாரியும் போகும் என்று எழுதிக் கொடுக்கிற மாதிரி. நான் ஒன்றுமில்லை என்று தள்ளிய அந்த 0.2 ஓமில் 25 ஆம்பியர் ஓடினாலே 5 வோல்ட் போய்விடும். பத்தாம் வகுப்புக் கணக்கு.

புதன்

சாயங்காலம் புதுப்பேட்டை. 25 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில் ஒன்றரை அடி வெட்டி, இரண்டு பக்கமும் லக் வைத்து மெஷினில் அழுத்தித் தரச் சொன்னேன். சுத்தியலால் தட்டித் தருகிறேன் என்றவரிடம் வேண்டாம் என்று அடுத்த கடைக்குப் போனேன். 220 ரூபாய். வீட்டில் பாடியிலும் கியர்பாக்ஸிலும் லக் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்தேன். போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாஸலின். முதலிலேயே அப்பிவிடக் கூடாது, உலோகம் உலோகத்தோடு சேர வேண்டும்.

சுற்றும்போது எர்த் பக்கம் இப்போது 0.08 வோல்ட். பேட்டரி 10.7-க்கு இறங்குகிறது, அதைப் பார்த்து நிம்மதி. எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் முன்பு 13.3-தான் இருக்கும், இப்போது 14.1. ஆல்டர்னேட்டரும் அதே பட்டை வழியாகத்தான் சார்ஜ் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

மிச்ச வேலை: கிளட்ச் கேபிள் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிகிறது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகியிருக்கலாம். அடுத்த வாரம் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இன்று காலை அந்த எலக்ட்ரீஷியன் கடையைத் தாண்டும்போது அவரே கை காட்டி நிறுத்தினார். "செல்ஃப் எங்க சார் மாத்தினீங்க?" டேஷ்போர்டில் கிடந்த பழைய பட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி விரலால் முறுக்கினார், மிச்சமிருந்த நான்கு இழையும் அறுந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும் சார், பசங்களுக்குக் காட்டணும்" என்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டார்.