மாருதி 800க்குப் புது ரேடியேட்டர்: மே மாத நாட்குறிப்பு

மே 5, 2024, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் நேற்றுத்தான் பிறந்தது. சேலத்தில் காலை ஒன்பது மணிக்கே வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. ஏற்காடு போய் மாலை வரை இருந்துவிட்டு வரலாம் என்று அப்பாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வண்டி 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல், நாலு கியர். அப்பா வேலையில் இருந்தபோது வாங்கியது. நான் கார் ஓட்டப் பழகியது இதில்தான்.

கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஏற ஆரம்பித்ததும் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே போனது. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 11ஆவது வளைவின் பலகை வந்தபோது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். பானட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. சூடான துரு வாடை.

அப்பா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, இன்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அந்த மூடி குக்கர் வெயிட் மாதிரி வேலை செய்வது. மேலே 0.9 என்று எண் இருக்கும். உள்ளே அவ்வளவு அழுத்தம் நிற்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல், ஏறக்குறைய 118 வரை தாக்குப்பிடிக்கிறது. அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பாப்பா குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிற சூடு வந்த பிறகு, மூடியைப் பாதி திருப்பி விட்டு, காற்று போனதும் முழுக்கத் திறந்தேன். டிக்கியில் அப்பா எப்போதும் வைத்திருக்கும் ரெண்டு லிட்டர் பாட்டில் முழுவதும் உள்ளே போனது. அப்படியே திரும்பி, இரண்டாவது கியரிலேயே இறங்கி வந்துவிட்டோம்.

மே 6, திங்கள்

விடிந்ததும் முதல் வேலையாக ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். இந்த இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், அலுமினியம். அதிகச் சூட்டில் அது வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்து பால் விட்ட காபி நிறத்தில் இருக்கும். நல்லவேளை, ஆயில் ஆயிலாகத்தான் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்ததில் குமிழும் வரவில்லை. மூச்சு வந்தது எனக்கு.

ரேடியேட்டர் பக்கம்தான் கவலை. கீழ்த் தொட்டி ஓரத்தில் வெள்ளையாக உப்புக் கோடு இறங்கியிருக்கிறது. தண்ணீர் பல மாதமாக அங்கே கசிந்து கசிந்து காய்ந்திருக்க வேண்டும். குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளை, ஃபின்களை, விரலால் லேசாகத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தன. உள்ளே இருந்த தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறம்.

"என்ன தண்ணிப்பா ஊத்துவீங்க?" என்று கேட்டேன். "போர் தண்ணிதான். வேற எதை ஊத்துவாங்க?" என்றார்.

எங்கள் வீடு மாமாங்கம் பக்கம். மாக்னசைட் வெட்டி எடுக்கிற வெள்ளைக்கல் மலைகளை ஒட்டிய ஊர். எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு மாதம் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசியது போல் படிந்துவிடும், சுரண்டினால்தான் வரும். அந்தத் தண்ணீர் இத்தனை வருடமாக ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் தினமும் சூடாகி ஆறியிருக்கிறது. செம்பு சூட்டைக் கடத்துவதில் நூறில் ஒரு பங்குகூட இந்த உப்புப் படிவு கடத்தாது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. நேரம் தவறாமல் ஆயில் மாற்றி, வாராவாரம் துடைத்து, இந்த வண்டியைப் பொத்திப் பொத்திப் பார்த்தவர் அவர். அந்தக் காலத்தில் துரு தடுக்கும் கூலண்ட் திரவத்தை ஊற்றச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மே 8, புதன்

ஆபீஸ் முடிந்து வந்து ரேடியேட்டரைக் கழற்றினேன். பேட்டரியின் நெகட்டிவ் முதலில். அடியில் பேசின் வைத்து தண்ணீரை இறக்கினால், பாதியில் அடைத்துக்கொண்டது. கம்பி விட்டுக் குத்தியதும் துருச் சேறு மொத்தமாக வந்து விழுந்தது. மேல் ஹோஸ் சுலபமாக வந்தது. கீழ் ஹோஸ் குழாயோடு ஒட்டியிருந்ததால் பிளேடால் கீறி உரித்தேன், எப்படியும் புதுசுதான் போடப் போகிறேன்.

ஃபேன் வயரைப் பிடுங்கும்போதுதான் கவனித்தேன். சூடேறினால் மட்டும் ஃபேனை ஓடவிடும் சுவிட்சுக்குப் போக வேண்டிய வயரை வெட்டி, சாவி போட்டவுடன் ஃபேன் ஓடுகிற மாதிரி நேராக இணைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்து தெர்மோஸ்டாட் மூடியையும் திறந்தேன். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, வெறும் ஓட்டை. எப்போதோ ஒரு பட்டறையில் ஹீட் ஆகிறது என்று கொடுத்தபோது இரண்டையும் செய்து அனுப்பியிருக்கிறார்கள். இது பல பட்டறைகளில் நடக்கிற வைத்தியம்தான். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் காலையில் சூடேறவே நெடுநேரம் எடுக்கும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். உப்பு அடைத்த ரேடியேட்டர் அப்படியே இருக்க, அறிகுறியை மட்டும் மறைத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஃபேனுக்கு நாலு, ரேடியேட்டருக்கு நாலு, எல்லாம் பத்தாம் நம்பர் போல்ட். ஒன்று மட்டும் துருப்பிடித்து அசையவில்லை. துரு எண்ணெய் விட்டு விட்டு, அரை மணி கழித்துக் கொஞ்சம் இறுக்கித் தளர்த்தி, இறுக்கித் தளர்த்தி, கடைசியில் வந்தது. அவசரப்பட்டிருந்தால் தலை உடைந்திருக்கும். பாப்பா டார்ச் பிடித்தாள். எந்த போல்ட் எங்கே என்று அட்டையில் படம் வரைந்து, ஓட்டை போட்டு, அந்தந்த இடத்தில் செருகி வைத்தது அவள் யோசனை.

மே 9, வியாழன்

பழையதை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ரேடியேட்டர் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். தொட்டி பித்தளை, குழாய் செம்பு, கம்பெனியில் வந்த அதே ரேடியேட்டர். இரண்டு இடத்தில் ஈயம் வைத்து அடைத்திருந்தது. அவர் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தொட்டியைப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டு ராட் அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"அடிக்கலாம் தம்பி. ஆனா அடிச்சா உப்போட சேர்ந்து குழாயும் வந்துரும். உப்புதான் இப்ப அதைப் புடிச்சிட்டு நிக்குது" என்றார். கோரை, அதாவது நடுவில் இருக்கும் குழாய்த் தொகுதியை, மாற்றினால் புதுசின் விலை வந்துவிடும், புதுசே வாங்கிக்கொள் என்றார். வேலை கைக்கு வரட்டும் என்று பார்க்காமல் உள்ளதைச் சொன்ன மனிதர்.

புது ரேடியேட்டர் 2,350 ரூபாய். அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் தொட்டி. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளாம்ப் நாலு, தெர்மோஸ்டாட், அதன் பேக்கிங், 0.9 மூடி, கூலண்ட், டிஸ்டில்ட் வாட்டர். இந்தக் கார் 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றது, ஆனாலும் கேட்டதெல்லாம் கடையில் உடனே எடுத்துக் கொடுத்தார்கள்.

மே 12, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே தொடங்கினேன், வெயிலுக்கு முன் முடிக்கலாம் என்று.

முதலில் இன்ஜினைக் கழுவினேன். தோட்டத்துக் குழாயை மேல் ஹோஸ் வாயில் பிடித்து விட்டதில் கால் மணி நேரம் செங்கல் நிறத் தண்ணீர் வந்தது. அது தெளிந்த பிறகு, உள்ளே போர் தண்ணீர் தங்கக் கூடாது என்று டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி அலசி இறக்கினேன்.

தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் சோதிக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு பழைய கிண்ணம் வாங்கி, தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தேன். அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். உள்ளே இருப்பது மெழுகு. 82 டிகிரியில் உருகி விரிந்து வால்வைத் தள்ளும். தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழ் வரத் தொடங்கியது, இன்னும் கொதிக்கவில்லை. அப்போது அந்த வட்டத் தகடு நகம் அளவு விலகியது. கொதி வந்தபோது நன்றாகத் திறந்து நின்றது. வெளியே எடுத்து வைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டது. அப்பா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சின்னது" என்றார்.

பழைய ஃபேனைப் புது ரேடியேட்டரில் பூட்டி, இறக்கி, எட்டு போல்ட்டும் அட்டையில் இருந்தபடி போட்டேன். கழுத்து பிளாஸ்டிக் என்பதால் கிளாம்பை அளவோடுதான் இறுக்கினேன். வெட்டியிருந்த வயரைப் பழையபடி சுவிட்சுக்கே இணைத்துவிட்டேன்.

கூலண்ட் ஒரு பங்கு, டிஸ்டில்ட் வாட்டர் இரண்டு பங்கு. சேலத்தில் தண்ணீர் உறையப் போவதில்லை. எனக்கு வேண்டியது அதில் இருக்கும் துரு தடுக்கும் மருந்துதான். மெல்ல மெல்ல ஊற்றினேன், மூன்றரை லிட்டர் போல் பிடித்தது. மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டதில் காற்றுக் குமிழ் வந்துகொண்டே இருந்தது. மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். பத்து நிமிடம் மேல் ஹோஸ் வெதுவெதுப்புகூட இல்லை. அப்புறம் ஒரு கணத்தில் சுட்டது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மூடியைப் போட்டோம். இன்னும் சில நிமிடத்தில் டக்கென்று ரிலே சத்தம், ஃபேன் ஓடியது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. பாப்பா கைதட்டினாள்.

மே 13, திங்கள்

காலையில் வண்டிக்கு அடியில் பச்சையாக நாலைந்து சொட்டு. கீழ் ஹோஸ் கிளாம்ப்தான். அரைத் திருப்பு இறுக்கியதும் நின்றது. சொட்டைக் கழுவி, மண் போட்டு மூடினேன். கூலண்ட் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கிவிடும், அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் போனாலே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எங்கள் தெருவில் குட்டி போட்ட நாய் ஒன்று இருக்கிறது. மீதி டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது. மிச்சக் காற்று வெளியேறியிருக்கும். ஊற்றி நிரப்பினேன்.

மே 16, வியாழன்

மூன்று நாளாக ஆபீசுக்கு இதில்தான் போய் வருகிறேன். ஐந்து ரோடு நெரிசலில் சிக்னலில் நிற்கும்போது முள் நடுவில்தான் இருக்கிறது. கசிவு இல்லை. காலையில் இன்ஜின் சீக்கிரம் சூடேறுவதால், ஸ்டார்ட் செய்ய இழுத்துவிடும் சோக்கை முன்பைவிடச் சீக்கிரம் உள்ளே தள்ள முடிகிறது.

மே 19, ஞாயிறு

மறுபடி ஏற்காடு. விடிகாலையில் கிளம்பினால் ரேடியேட்டருக்குச் சோதனையே இல்லை என்று வேண்டுமென்றே பத்து மணிக்குக் கிளம்பினேன். முன் சீட்டில் அப்பா. சாலையை அவர் பார்க்கவே இல்லை, பார்வை முழுக்க முள்ளின் மேல். வளைவுக்கு வளைவு பாப்பா பலகையைப் படித்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று. முள் நடுக்கோட்டுக்கு ஒரு நூல் மேலே போனது, ஃபேன் ஓடியது, திரும்ப இறங்கியது. யாரும் பேசவில்லை. இருபதாவது பலகை தாண்டியதும்தான் அப்பா சீட்டில் சாய்ந்தார்.

ஏரிக்கரையில் நிறுத்தியதும் வழக்கம்போல் டிக்கியைத் திறந்து ரெண்டு லிட்டர் பாட்டிலை எடுத்தார். "அப்பா, அதை ஊத்தாதீங்க" என்றேன்.

"டிஸ்டில்ட் வாட்டர்டா. நேத்து நானே போய் வாங்கி மாத்தி வெச்சேன்" என்றார்.