மூன்று விநாடியும் ஓர் எம்.ஏ.வும்

2023 ஜூலை 23, ஞாயிறு

இரவு பதினொன்றே காலுக்குப் பணம் கட்டி முடித்தேன். புகைப்படம் பெரிதாக இருக்கிறது என்று விண்ணப்பத் தளம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. கடைசியில் மகள் போனைப் பிடுங்கி ஏதோ செய்து சின்னதாக்கிக் கொடுத்தாள். எம்.ஏ. கல்வியியல், ஆன்லைன். நான்கு செமஸ்டர், இரண்டு வருடம்.

எம்.எட். ஏன் படிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். எம்.எட். என்றால் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம், இன்டர்ன்ஷிப் எல்லாம் உண்டு. வேலையையும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து முடிக்கிற சமாச்சாரம் இல்லை அது.

முன் அனுமதிக் கடிதத்தோடு, ஆன்லைன் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. சொன்ன அறிவிப்பையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். தலைமை ஆசிரியர் அதைப் படிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்க்ரிமென்ட்தான் இப்ப கிடையாதே டீச்சர், அப்புறம் எதுக்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். உயர்கல்விக்குக் கொடுத்துவந்த ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்து வைத்தேன். பதினோரு வருடமாக ஒரே நோட்ஸ், ஒரே கரும்பலகைப் படம், ஒரே ஜோக். சலிப்பாக இருக்கிறது என்று ஹெச்.எம்.மிடம் எப்படிச் சொல்வது?

2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆன்லைன் படிப்பு என்றால் யாரோ நேரலையில் பாடம் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அது கொஞ்சம்தான். வீடியோ, படிக்க வேண்டிய பாடப்பகுதி, விவாதப் பகுதி, தேர்வு என்று நான்கு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அசைன்மென்டுக்கு 30 மதிப்பெண், செமஸ்டர் தேர்வுக்கு 70.

படிக்கும் நேரத்துக்குத்தான் திண்டாட்டம். காலை நாலரைக்கு எழுந்து பார்த்தேன், மூன்று நாள் தாங்கியது. இரவு பத்துக்கு மேல் பார்த்தேன், முகத்தில் போன் விழுந்து எழுந்ததுதான் மிச்சம். கடைசியில் கைகொடுத்தது திண்டிவனம் - மரக்காணம் பஸ்தான். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். ஜன்னலோர சீட், காதில் இயர்போன், வீடியோ ஒன்றரை மடங்கு வேகத்தில். கண்டக்டர் முதல் வாரம் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டினார். இப்போது அவரே டிக்கெட்டைக் கிழித்து மடியில் வைத்துவிட்டுப் போகிறார்.

எல்லாம் ஆங்கிலம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவளுக்கு ஒரு பக்கம் தாண்ட அரை மணி நேரம் ஆகிறது.

2023 அக்டோபர் 15, ஞாயிறு

குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜேயும் விகாட்ஸ்கியும் ஒரே வருடம், 1896இல் பிறந்தவர்கள். பி.எட்.டில் இருவரையும் படித்திருக்கிறேன், இது மட்டும் கண்ணில் படவே இல்லை. விகாட்ஸ்கி காசநோயால் 1934இல் போய்விட்டார், 37 வயது. பியாஜே 1980 வரை இருந்தார். 37 வயதுக்குள் அவ்வளவு எழுதியவரை நினைத்தால், 38 வயதில் அசைன்மென்டுக்கு அவகாசம் கேட்டு மெயில் போட்டுக்கொண்டிருக்கும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த அசைன்மென்ட் இன்று திருத்தி வந்தது. பிள்ளைக்குத் தேவையான உதவியைக் கொடுத்து, தேறத் தேற அதை விலக்கிக்கொள்ளும் 'சாரம் கட்டுதல்' என்ற கருத்தை விகாட்ஸ்கி சொன்னதாக எழுதியிருந்தேன். சிவப்பில் வட்டம். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் உட், புரூனர், ராஸ் மூவர், 1976இல். அவர்கள் கருத்தை விகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலத்தோடு (பிள்ளை தனியாகச் செய்வதற்கும் பிறர் உதவியோடு செய்வதற்கும் உள்ள இடைவெளி) பின்னால் வந்தவர்கள் இணைத்துக்கொண்டார்கள். பயிற்சி வகுப்புகளில் இதை நானே எத்தனை பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்!

அப்பா கொத்தனார். சவுக்குக் கழியும் கயிறும் வைத்துச் சாரம் கட்டுவார்கள். பூச்சு முடிந்ததும் மேலிருந்து கீழே ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துக்கொண்டே வருவார்கள். கழி செருகியிருந்த ஓட்டை சுவரில் அப்படியே இருக்கும். இறங்கும்போதே கலவையை வைத்து அதை அடைத்துக்கொண்டு வரவேண்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால் மறுபடி சாரம் கட்டித்தான் ஏறணும் என்பார். அப்பாவுக்குப் போன் செய்து இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "இதையா எம்.ஏ.ல சொல்லித் தராங்க?" என்று கேட்டார்.

2024 பிப்ரவரி 13, செவ்வாய்

நேற்று பஸ்ஸில் படித்தது தூங்கவிடவில்லை.

மேரி பட் ரோ என்று ஓர் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர். வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து, ஆசிரியர் கேள்வி கேட்டதிலிருந்து அடுத்து வாயைத் திறக்கும் வரை எவ்வளவு நேரம் விடுகிறார் என்று அளந்திருக்கிறார். சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், வேறு பிள்ளையைக் கேட்பார், இல்லை தானே சொல்லிவிடுவார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள், அவர்களே கேள்வியும் கேட்கிறார்கள். 1970களிலேயே எழுதிவிட்டார்.

நானெல்லாம் பொறுமைசாலி, இது நமக்கில்லை என்றுதான் முதலில் தோன்றியது. சரி, பார்த்துவிடுவோம் என்று ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு இன்று ஆறாம் வகுப்பில் போனைப் பதிவில் போட்டு மேஜை மேல் வைத்தேன். என் குரலை நானே கேட்கத்தானே, யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

இரவு பாத்திரம் கழுவி முடித்துவிட்டுக் கேட்டேன். நாற்பது நிமிடத்தில் 31 கேள்வி. அதில் 19க்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். ஓரிடத்தில் "இலை ஏன் பச்சையா இருக்கு? பச்சையம் இருக்கறதால" என்று மூச்சுகூட விடவில்லை. கேள்விக்குறிக்கு இடமே கொடுக்காத கேள்வி. "சொல்லுங்க, சொல்லுங்க, சொல்லுங்க" என்று நடுநடுவே நான் விரட்டுவதைக் கேட்டபோது காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிவிட்டேன். அத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

2024 பிப்ரவரி 16, வெள்ளி

ஆறாம் வகுப்பு, நீர்ச் சுழற்சி. தண்ணீர் எதனால் ஆவியாகிறது என்று கேட்டேன். எப்போதும்போல் முன் வரிசையில் இரண்டு பேர் "வெயில் டீச்சர்!" என்றார்கள். "வெயில் மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு.

மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது வகுப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஃபேன் சத்தம் கேட்டது. வெளியே சமையல் அக்கா குண்டானை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒரு பெண் "டீச்சருக்கு என்னாச்சு?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தாள். எண்ணிக்கை ஐந்தைத் தாண்டியிருக்கும். மூன்றாவது வரிசையில், ஜூனிலிருந்து வருகைப் பதிவுக்கு "உள்ளேன் டீச்சர்" சொன்னதைத் தவிர வாயே திறக்காத பையன், டெஸ்க்கைப் பார்த்தபடியே சொன்னான்:

"காத்தும் வேணும் டீச்சர்."

அதற்கும் உடனே "வெரிகுட்" போட்டுக் கதையை முடித்துவிடக் கூடாதாம். பதிலுக்கு அப்புறமும் காத்திருக்க வேண்டும், அந்த இரண்டாவது காத்திருப்பில்தான் விஷயம் இருக்கிறது என்கிறார் ரோ. சும்மா நின்றேன். பையன் தொடர்ந்தான்.

"வெயில் நல்லா அடிச்சாலும் காத்து இல்லன்னா அன்னிக்கு உப்பு கம்மிதான். எங்கப்பா சொல்லுவாரு. பாத்தியில தண்ணி அப்டியே நிக்கும்."

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கிற வீடு. என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். பஸ் ஜன்னலில் தினமும் அந்தப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டேதான் வீடியோ கேட்டுக்கொண்டு போகிறேன். பதினோரு வருடமாக ஆவியாதலுக்குக் கரும்பலகையில் வரைந்தது ஒரு சூரியன், ஒரு குளம், மூன்று அம்புக்குறி. காற்றை வரைந்ததே இல்லை.

2024 ஜூன் 22, சனி

இரண்டாம் செமஸ்டர் தேர்வு, வீட்டிலிருந்தே. லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில் வெங்காய மூட்டை இருந்தது, அதையும் காட்டினேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கேள்வியை முணுமுணுத்துப் படிக்கிற பழக்கம் எனக்கு. உதடு அசைகிறது என்று இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. மூன்றாவது வந்தால் தேர்வு போச்சு. இரண்டரை மணி நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினேன். வாய்க்குள் முணுமுணுக்கிற பிள்ளைகளை இனி அதட்டுவதாக இல்லை.

2024 டிசம்பர் 4, புதன்

சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.யை ஒட்டி மழை. எங்களுக்கு மின்சாரம் போய் நான்கு நாள் ஆகிறது. வீட்டுக்காரருடைய பைக் பேட்டரியில் வயர் சுற்றி போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறோம். ஆய்வு முறையியல் அசைன்மென்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30 நள்ளிரவு. பாதிதான் ஏற்றியிருந்தேன்.

இன்று பெரியப்பா வீட்டு மாடியில் இரண்டு புள்ளி சிக்னல் கிடைத்தது. அவகாசம் கேட்டு மெயில் அனுப்பினேன். 'காலம் கடந்த விண்ணப்பங்கள் ஏற்கப்படா' என்று தானாகவே ஒரு பதில் வந்தது. அரை விநாடிகூட ஆகியிருக்காது.

பள்ளிச் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் பத்திரம், ஒவ்வொரு வீடாகப் போன் போட்டுக் கேட்டாயிற்று. மூன்றாம் வரிசைப் பையன் வீட்டில் மட்டும் போன் எடுக்கவில்லை. சாயந்திரம் அவரோடு பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சமுதாயக் கூடத்தில் இருந்தார்கள். பாடப்புத்தகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

2025 பிப்ரவரி 7, வெள்ளி

அசைன்மென்டை அபராதத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். அது பழைய கதை.

ஆய்வேட்டுக்கு இதையே எடுத்துக்கொண்டேன்: என் வகுப்பு, என் கேள்வி, என் மௌனம். செயலாய்வு என்று பெயர். உளவியலாளர் குர்ட் லெவின் 1940களில் தொடங்கிவைத்த வழி. ஆய்வுக்கு என்றால் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்யக் கூடாது என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 34 ஒப்புதல் படிவம், தமிழில் நானே எழுதினேன். உப்பளத்துக்கே போய்ச் சிலரிடம் கையெழுத்து வாங்கினேன். "புள்ள பேசறானான்னு பாக்கறதுக்கா டீச்சர்? தாராளமாப் பாருங்க" என்றார் ஓர் அம்மா, உப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே.

எட்டு வகுப்புப் பதிவு முடிந்தது. முன்பு சராசரி 1.1 விநாடி, இப்போது 3.2. கேள்வி 31இலிருந்து 14 ஆகிவிட்டது. பதில்கள் நீண்டிருக்கின்றன. அதெல்லாம் சந்தோஷம்தான்.

உறுத்துவது வேறொன்று. நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஆசிரியர் நினைக்கிற ஐந்து பேருக்கு ஏறக்குறைய இரண்டு விநாடியும், பின்தங்கியவர்கள் என்று நினைக்கிற ஐந்து பேருக்கு ஒரு விநாடிக்கும் குறைவாகவும் விடுகிறார்கள் என்று ரோ எழுதியிருந்தார். பழைய பதிவுகளை எடுத்து நானும் பெயர் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். என் கணக்கும் அதேதான், ஒரு புள்ளி இப்படி அப்படி. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிறவனுக்குக் குறைவாகக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை தடுமாறுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறதே என்றுதான் அடுத்தவரிடம் போனேன் என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். பாவம் பார்த்தது உண்மைதான். பாடம் நகர வேண்டுமே என்று இருந்ததும் உண்மை.

ஹெச்.எம். இன்று கேட்டார்: "போர்ஷன் முடிஞ்சுதா டீச்சர்?" முடியவில்லை. ஒன்றரைப் பாடம் பாக்கி. ஆய்வேட்டில் 'வரம்புகள்' என்ற தலைப்பில் இதை எழுதியிருக்கிறேன். ஹெச்.எம்.முக்கு அந்தத் தலைப்பெல்லாம் கிடையாது. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறேன் என்றேன்.

2025 மார்ச் 30, ஞாயிறு

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வெள்ளியன்று தொடங்கியது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு ஆங்கிலம், எனக்கு நான்காம் அத்தியாயம். நடுவில் ஒரு தட்டு முறுக்கு. அவள் ஏதோ சந்தேகம் கேட்டாள். சட்டென்று சொல்லிவிட்டேன். "ஸ்கூல்ல மட்டும்தான் மூணு செகண்டா?" என்றாள்.

2025 ஜூலை 12, சனி

இன்று வாய்மொழித் தேர்வு. காணொளியில் மூன்று பேர். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கீழே வீட்டுச் செருப்போடு உட்கார்ந்தேன். மாடியில்தான் சிக்னல் என்பதால் பெரியப்பா வீட்டில், துணி காயும் கொடியைப் பின்னணியில் விழாதபடி நகர்த்திவிட்டு.

பத்து நிமிடம் நான் பேசினேன். உப்பளப் பையனின் பதிலை அப்படியே அவன் சொன்ன தமிழில் படித்துக் காட்டிவிட்டு, ஆங்கிலத்திலும் சொன்னேன். வழிகாட்டி தலையாட்டினார். அப்புறம் வெளித்தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: 34 பேர் உள்ள வகுப்பில் இது சாத்தியம், 60 பேர் இருந்தால் மூன்று விநாடி மௌனம் நிற்குமா?

நல்ல கேள்வி. நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.

"நிற்காது. அங்கே ஜோடியாகப் பேசவிட்டுப் பிறகு கேட்கலாம், இல்லையா?" என்று அவரே சொல்லி முடித்தார்.

வழிகாட்டி மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. "ஆமாம் சார்" என்றேன்.