பக்கத்துக் கோர்ட்டு ஷட்டில்காக், நான் மூடிக்கொண்ட வாய்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் ஷட்டில் ஆடும் ஷெட்டில் இரண்டு கோர்ட், நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளிதான். பக்கத்துக் கோர்ட்டின் காக் (இறகுப்பந்து) எங்கள் ஆட்டத்துக்குள் வந்து விழுவது தினமும் நடக்கிற கதை. விழுந்தால் ராலியை, அதாவது சர்வீஸ் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தை, நிறுத்தணுமா வேண்டாமா என்று ஒரு மாதமாகச் சண்டை. கிளப்பிவிட்டவன் நான்தான்.

டபுள்ஸ், மூன்றாவது கேம், 19-19. எதிரே ஆடிய தம்பியின் காலுக்குப் பின்னால் ஒரு காக் சறுக்கி வந்து நின்றது. அவனுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அவன் தூக்கிக் கொடுத்தது பாதிக் கோர்ட்டில், என் பேட்டுக்கு நேராக, "அடிடா" என்று இறங்கி வருகிறது. அடித்தேன். பின்வாங்கி எடுக்கப் போனவன் பின்னால் கிடந்த அந்தக் காக்கின் மேல் மிதித்துக் கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். ஐஸ் வைக்கும்போதுதான் கேட்டான், "ஏனுங்ணா, நீங்க பாத்தீங்கல்ல?" அவனோடு ஆடிய மலையாளி சேட்டன் "சாரமில்ல, சாரமில்ல" என்று சமாதானம் சொன்னார். எனக்கு வாயே வரவில்லை.

வீட்டுக்கு வந்து பேட்மின்டன் விதியைப் படித்தேன். 14-வது விதிதான் லெட்டைப் பற்றியது. எதிர்பாராத அல்லது தற்செயலான நிலைமை வந்தால் லெட், அந்த ராலி கணக்கில் வராது, சர்வீஸ் போட்டவரே மறுபடி போட வேண்டும். ஆனால் வேற்றுக் காக் உள்ளே வந்தாலே லெட் என்று எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் நம்புகிறார்களே, அது தப்பு. அது ஆடுகிறவர்கள் கண்ணில் படாமலோ, யாரையும் மறிக்காமல், கவனத்தைக் கலைக்காமலோ போனால் லெட் கொடுக்கக் கூடாது என்றுதான் அம்பயர்களுக்கு உலக பேட்மின்டன் சம்மேளனத்தின் அறிவுரையே இருக்கிறது. பெரிய போட்டிக்குச் சரி, உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அம்பயர் இல்லாத இடத்தில் ஆடுகிறவரே லெட் சொல்லி நிறுத்தலாம் என்றும் அதே விதி சொல்கிறது. அதனால் கால் போகிற இடத்தில் காக் கிடந்தால், எதிராளி பார்த்தானோ இல்லையோ, முதலில் பார்த்தவன் கத்த வேண்டும் என்பது என் கட்சி. ஓரத்தில் எங்கேயோ விழுந்தால் ஆடிக்கொண்டே இருக்கலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, காக் வந்ததைப் பார்த்தும் பேசாமல் ஆடி, ஸ்மாஷ் தரையைத் தொட்டபிறகு "லெட் லெட்" என்று கையைத் தூக்குவார்கள். ஜெயித்திருந்தால் கையைத் தூக்கியிருப்பார்களா? தொந்தரவு என்றால் அந்த நொடியிலேயே சொல்லணும், அடித்து முடித்தபிறகு சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 2006-க்கு முன்பு சர்வீஸ் போடுகிற பக்கத்துக்கு மட்டும்தான் பாயிண்ட், இப்போது ஒவ்வொரு ராலிக்கும் ஒன்று. 19-19-ல் ஒரு லெட்டுக்காக நாக்கு நீள்வதில் ஆச்சரியமில்லை.

காற்றுக்கு லெட் கேட்கிறவர்களை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. இது பாலக்காட்டுக் கணவாய், ஆனி ஆடியில் பனைமரமே தலைவிரித்து ஆடும், பக்கவாட்டில் பச்சை வலை கட்டிய ஷெட்டில் ஐந்து கிராம் காக் நேராகப் போகுமா? காற்று ரெண்டு பக்கத்துக்கும்தான், மூன்றாவது கேமில் 11 வந்ததும் பக்கம் மாறுகிறோம், அவ்வளவுதான். கரண்ட் போனால் பேச்சே இல்லை, லெட். நாய் உள்ளே வந்தாலும் அப்படியே. பெஞ்சில் செல்போன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும், ஆனால் எதிராளியைக் குழப்ப வேண்டுமென்றே கூச்சல் போட்டால் அது லெட் இல்லை, ஃபால்ட், பாயிண்டே போகும்.

இப்போது இரண்டு கோர்ட்டுக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு பழைய வலையைக் கட்டியிருக்கிறோம். தரையில் சறுக்கி வருவது நின்றது, மேலே பறந்து வருவது நிற்கவில்லை.

தம்பி போன வாரம் திரும்ப ஆட வந்தான். என்னோடு ஜோடி சேர மாட்டானாம். எதிரே நின்றால்தான் என் கண் எங்கே போகிறது என்று பார்க்க முடியுமாம்.